எதுக்களிக்கும் தொட்டி

நான் குழாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் கடையில் தலை அலசும் தொட்டியில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் குளிக்கிற நேரம் அது. அவருடைய எலுமிச்சை சோப்பு என் மூக்கில் ஏறியது.

"அண்ணி, தொட்டி எதுக்களிக்குது," என்றாள் நாத்தனார்.

கீழ்வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிறேன். நானும் அவளும் பிழைப்பது அதில்தான்.

ஈரத் தலையும் துண்டுமாக வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "நான் அப்பவே சொல்லல? உன் கடை முடிதான் பைப்பை அடைச்சிருக்கு. இந்த மாசத்தோட கடையை எடுத்துடும்மா. குடியிருக்கிறதுன்னா இரு, வேண்டாங்கல."

"வடிகட்டி போட்டுத்தான் சார் அலசுறேன்."

"வடிகட்டியாவது ஒண்ணாவது! நாளைக்கு என் ஆளு வந்து பாத்துச் சொல்லுவான்."

அவர் ஆள் அவர் வாயைப் பார்த்துத்தான் சொல்வான். அதற்குமுன் நானே பார்த்துவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகினேன்.

முதலில் என் பக்கம். தொட்டிக்கடியில் வாளியை வைத்து வளைவுக் குழாயைக் கழற்றினேன். கறுப்புத் தண்ணீர், ஒரு பிடி முடி, கூடவே நாத்தனாரின் ஒற்றைக் கம்மல்.

"இதைத் தொலைச்சதுக்கு நீங்க எவ்வளவு திட்டுனீங்க!"

"இப்பவும் திட்டலாம். வாளியைப் பிடி."

கழுவி மாட்டினேன். மாடியில் யாரோ கை கழுவ, தொட்டி மறுபடியும் எதுக்களித்தது. ஆக, அடைப்பு என் குழாயில் இல்லை. இரண்டு வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் பெரிய குழாயில்தான் இருக்க வேண்டும். பக்கச் சந்தில், முழங்கால் உயரத்தில், அதற்கொரு திருகு மூடி உண்டு. ஸ்பேனரோடு போய் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அதுல கை வைக்காதே! அது என் வீட்டுப் பைப்."

"பைப் உங்களுது, பழி என்னுது. பழியைத் திருப்பி எடுத்துக்குங்க, கையை எடுத்துக்குறேன்."

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நான் திருகினேன். மூடியை முழுதாகக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வாளி வாளியாக வடியவிட்டேன். பிறகு மூடியை எடுத்துவிட்டு, முழங்கை வரை பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கையை விட்டேன். அடி வளைவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ஆட்டி ஆட்டி இழுத்ததும் சப்பென்று வெளியே வந்தது.

"முடி! பாத்தியா, முடி!" என்று குதித்தார் வீட்டுக்காரர்.

முடிதான். நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. கத்தரிக்கோலால் அதை வெட்டிப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு இறுகிப்போன சிமெண்ட். அதில் பதிந்த நீல டைல்ஸ் துண்டு. நீல டைல்ஸ் இந்தத் தெருவிலேயே ஒரு குளியலறையில்தான் உண்டு. போன மாதம் அதை ஒட்டிய கொத்தனார், மிச்சக் கலவையை அங்கேயே கரைத்து ஊற்றியிருக்கிறார்.

"முடி என்னுதுதான் சார், இல்லைங்கல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மறிச்சு நிறுத்துனது உங்க வீட்டுச் சிமெண்ட்."

அவர் டைல்ஸைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். நான் மூடியைப் போட்டு இறுக்கினேன். விளிம்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

"இருந்ததையும் கெடுத்தாச்சு. ஒழுகுது பாரு," என்றார், உயிர் வந்தவராக.

கழற்றிப் பார்த்தேன். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நாத்தனார் தன் சைக்கிளின் பழைய டியூபைக் கொண்டு வந்தாள். மூடியை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு வளையம் வெட்டிப் பொருத்தி மறுபடி இறுக்கினேன். விரலால் சுற்றித் தடவினேன். ஈரமில்லை.

"சரிம்மா, கடை இருக்கட்டும். ஆனா தண்ணியைக் கொஞ்சம் கம்மியா..."

"கம்மி பண்ண மாட்டேன் சார். மேல போய் எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்க. ஒரு சொட்டு ஒழுகினாலும், என் தொட்டியில ஒரு நுரை வந்தாலும், நானே கடையைக் காலி பண்றேன்."

"விளையாடாதே."

"நான் விளையாடல. திறங்க."

முணுமுணுத்தபடி படியேறினார். சற்று நேரத்தில் பெரிய குழாய் தடதடவென்று அதிர்ந்தது. நாத்தனார் கடைக்குள் தொட்டிக்கு மேல் குனிந்து நின்றாள். நான் மூடியின்மேல் கையை வைத்திருந்தேன்.

"அண்ணி, தொட்டி மூச்சே விடல!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

"போதுமா?" என்று மாடி ஜன்னலில் இருந்து தலை எட்டிப் பார்த்தது.

"போதாது சார். இன்னும் நல்லாத் திறங்க!"