குண்டம்மா சொல்லும் 'குய்ங்'

"அவகிட்ட சொல்லிடுங்க தம்பி, மாடிப்படியில செருப்பைக் கழட்டிப் போட்டா மனுஷங்க பறந்துதான் மேல வரணும்னு."

"அண்ணி, அவ உங்க பின்னாலதான் நிக்கறா."

"அதனாலதான் சொல்றேன். அவகிட்ட சொல்லிடுங்க."

பின்னால் நின்றவளும் லேசுப்பட்டவள் இல்லை. "என்னங்க, அக்காகிட்ட சொல்லுங்க. அந்தச் செருப்பு என்னோடது இல்ல. அவங்க வீட்டுக்காரரோடது."

தம்பி இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவர் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்ட லிஃப்டுக்குள் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது அது அவர் வீட்டுக்கே வந்துவிட்டது.

கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி பெரியவள். தம்பி மனைவி சின்னவள், பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து வருகிறவர்களின் பல்வலியைக் கேட்டுக்கொள்பவள். ஓரகத்திகள் இரண்டு பேரும் போன மாதம் வரை நகமும் சதையுமாக இருந்தவர்கள்தான். சின்னவளுக்கு ஊரில் எந்த மூலையில் புதிதாகக் கடை திறந்தாலும் மூக்கு வேர்த்துவிடும். "அக்கா, பஸ் டெப்போ பின்னால ஒரு சூப்புக் கடை, வாங்க!" என்று இழுத்துக்கொண்டு போவாள். பெரியவளும் போவாள், குடிப்பாள், "மிளகு போதலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவாள்.

அப்படி இருந்தவர்களைப் பிரித்தது ஒரு பார்சல்.

கண்ணாடிக்கடைக்காரரின் ஐம்பதாவது பிறந்தநாள். பெரியவள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று, இடுப்பு ஒடிய நாலு வகை சமைத்து மேசையில் பரப்பி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "புதுக் கடைக்கா! தீயில வாட்டின கோழி. சும்மா ருசி பாக்கத்தான்." பொட்டலத்தைப் பிரித்தாள். வாசனை கிளம்பியது. அவ்வளவுதான். வந்திருந்த சொந்தக்காரர்கள், பிறந்தநாள்காரர் உட்பட, அத்தனை பேரின் கையும் அந்தப் பக்கமே போயிற்று. பெரியவளின் பாத்திரங்கள் போட்ட மூடியோடு அப்படியே நின்றன. இருபது வருஷமாகச் சமைக்கிறாள். அவள் கேட்ட பாராட்டெல்லாம் "உப்பு சரியா இருக்கு" என்பதுதான். அன்றைக்கு அதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தம்பிதான் தூது.

ஆனால் அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே வீட்டுக்குள் இன்னொருத்தி வந்து குடியேறியிருந்தாள். தம்பிக்கு எந்த மெஷினைப் பார்த்தாலும் கை அரிக்கும். அண்ணிக்கென்று, சூடான காற்றிலேயே வறுத்தெடுக்கும் ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கி வந்து, தானே உட்கார்ந்து ஏதேதோ அழுத்தி, எல்லாம் சரிசெய்து வைத்துவிட்டுப் போனார். கறுப்பாக, உருண்டையாக, முன்பக்கம் இழுப்பறை வைத்த பெரிய முட்டை போல இருந்தது அது. பெரியவள் அதற்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தாள். முதலில் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடித்தான் வைத்திருந்தாள். சின்னவளோடு பேச்சு நின்ற பிறகு வீட்டில் பேச ஆள் வேண்டுமே, துணியை எடுத்துவிட்டாள்.

ஒருநாள் மிச்சம் கிடந்த பீட்ரூட்டை மெல்லிசாகச் சீவி, துளி எண்ணெய் தடவி, உப்புத் தூவி உள்ளே தள்ளினாள். சூட்டை ஏற்றும் பொத்தானை, அது இனி ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும் வரை அழுத்தினாள். தீ நன்றாக எரிந்தால்தான் மொறுமொறுப்பு வரும் என்பது அவள் கட்சி. திரையில் என்ன எண் ஓடுகிறது என்று அவள் பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் ஆகாது.

"ஊருக்கெல்லாம் நான் கண்ணாடி மாட்டிவிடறேன். நீ ஒருத்திதான்…"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுத்துங்கதான் சின்னதாப் போச்சு."

குண்டம்மா உறுமத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 'குய்ங்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன? சரியா? சரிம்மா, நடக்கட்டும்." பாதியில் இன்னொரு 'குய்ங்'. "குலுக்கணுமா? சரிம்மா." இழுப்பறையை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கி உள்ளே தள்ளினாள்.

வெளியே வந்த பீட்ரூட்டைப் பார்த்துப் பெரியவளே அசந்துபோனாள். ரத்தினம் மாதிரி சிவப்பு. வாயில் வைத்தால் 'கறுக்'. இனிப்பும் உப்பும் நாக்கில் ஒன்றை ஒன்று துரத்தின. காலையில் ஓர் ஈடு, சாயங்காலம் ஓர் ஈடு என்று தினமும் போட ஆரம்பித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு டப்பாவில் கடைக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக் கம்பி வளைந்துபோய் அதை நிமிர்த்த வந்த பேக்கரிக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு செஞ்சது?"

"வீட்லதான்."

"கல்லா பக்கத்துல என்கிட்ட ஒரு ஜாடி காலியா இருக்கு. செய்யறதை நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றேன். வியாழக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன்."

ஒரு ஜாடி! பெரியவளுக்கு அன்று தூக்கமே வரவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் பேக்கரிக்குள் வந்து, அத்தனை கேக்கையும் பன்னையும் விட்டுவிட்டு, "அந்தச் சிவப்பு ஜாடியில இருக்கறதைக் குடுங்க" என்று கைநீட்டிக் கேட்க வேண்டும். பார்சல் பிரித்த மேசையில் தன் பாத்திரத்துக்கு நீளாத கை அங்கே நீள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"தம்பி, மேல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க. வியாழக்கிழமை ஆறு மணிக்கு நம்ம வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷர் வர்றாரு, பேக்கரிக்காரர். அன்னிக்குப் பார்சல் கிர்சல் எதுவும் வேணாம்னு."

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறிப் போயிற்று.

வியாழக்கிழமை வந்தது. பேக்கரிக்காரரும் வந்தார், ஆறு மணிக்கு இல்லை, நான்கு மணிக்கே.

"சாயங்காலம் கல்யாணக் கேக்கு ஒண்ணு போகணும்மா. அதான் இப்பவே வந்துட்டேன். பரவால்லையா?"

"அதனால என்ன? உக்காருங்க. இதோ, பேசி முடிக்கறதுக்குள்ள ஆயிடும்."

பேக்கரிக்காரர் ஒல்லியான மனிதர். எதைத் தின்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் சீவினாள், தடவினாள், தூவினாள், தள்ளினாள். பொத்தானை அது அடம்பிடிக்கும் வரை அழுத்தினாள். குண்டம்மா உறுமினாள். பெரியவள் ஜாடியைப் பற்றி, பேக்கரியைப் பற்றி, வெயிலைப் பற்றியெல்லாம் பேசினாள். என்னவோ குறைகிறது என்று மட்டும் அவள் மனசில் ஓர் ஓரமாகப் பட்டது. இன்னதென்று தெரியவில்லை.

குறைந்தது 'குய்ங்'.

மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. இழுப்பறையை இழுத்தபோது புகை அவளுக்கு முன்னால் வெளியே வந்தது. உள்ளே சிவப்பு இல்லை. அடுப்புக்கரியைச் சீவிப் போட்டது மாதிரி கிடந்தது.

பேக்கரிக்காரர் மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். 'கறுக்' என்னவோ கேட்டது. ரொம்ப நேரம் மென்றார்.

"அன்னிக்கு டப்பாவில வந்துச்சே, அது யாரும்மா செஞ்சது?"

"நான்தான்!"

"அப்போ இது?"

"இதுவும் நான்தான்!"

"அதான் குழப்பமா இருக்கு." அவர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். "ஒருநாள் ரத்தினமும் ஒருநாள் கரியும் ஜாடியில போட்டா, திட்டு வாங்கறது நான்தானே?"

"இன்னும் ஒரே ஒரு ஈடு. நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவர் வாசலைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். என்ன தோன்றியதோ, உட்கார்ந்துவிட்டார்.

பெரியவள் மறுபடி சீவினாள். குண்டம்மாவுக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தியபோது தம்பி உள்ளே வந்தார். எங்கேயோ லிஃப்டைச் சரிசெய்து முடித்து, கையெல்லாம் கிரீஸாக இருந்தார்.

"என்ன அண்ணி, தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாசனை வருது?"

"உங்க மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு தம்பி! என் மானத்தை வாங்கறதுக்குன்னே இன்னிக்குப் பாத்து!"

தம்பி குனிந்து திரையைப் பார்த்தார். "இருநூறு வெச்சிருக்கீங்களே! பீட்ரூட்டுல சக்கரை இருக்கு அண்ணி. கருகாம என்ன பண்ணும்?"

"தினமும் அப்படித்தான் வெக்கறேன்! கொஞ்ச நேரத்துல 'குய்ங்'னும். சரியா வரும். இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்கறா."

"அது ஏன் நடுவுல 'குய்ங்'னணும்? யாராவது பொத்தானைத் தொட்டாத்தானே…"

குய்ங்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. தம்பியின் கண்ணெதிரே இருநூறு இறங்கி இறங்கி நூற்றறுபதில் வந்து நின்றது. பேக்கரிக்காரர் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

தம்பி ஒரு கணம் வாயைப் பிளந்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"எதுக்குச் சிரிக்கறீங்க? என் பொழப்பு சிரிப்பாச் சிரிக்குதுன்னா?"

"இல்லண்ணி, இல்ல. இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கு போனோட சேக்கணும்னு சொன்னானா கடைக்காரன்? உங்களுது பட்டன் போன். அதுல சேராது. சரி, ஏதோ ஒண்ணுன்னு இவ போன்ல சேத்துட்டேன். அப்புறம் உங்க சண்டையில மறந்தே போயிட்டேன். நீங்க இங்க ஆன் பண்ணினா அவ போன்ல மணி அடிக்கும். அங்கிருந்தே சூட்டை ஏத்தலாம், இறக்கலாம்."

"எவ போன்ல?"

தம்பி மேலே கூரையைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து அழுத்தி, ஒலிபெருக்கியில் வைத்தார்.

மறுமுனையில் பல் குடையும் மெஷின் கிர்ர்ரென்று சுற்றும் சத்தம். அதற்கு நடுவே கிசுகிசுவென்று ஒரு குரல். "என்னங்க, டாக்டர் பாத்தா கொன்னுடுவார். போனெல்லாம் இழுப்பறையில போட்டுப் பூட்டிடுவார் இங்க. இப்பத்தான் டீ நேரம்னு எடுத்துப் பாத்தேன். அக்கா இந்நேரத்துல போட்டிருக்காங்க, முதல் ஈடு போச்சு போலிருக்கு. பேக்கரிக்காரர் ஆறு மணிக்குத்தானே வரணும்? அதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்திருப்பேனே. நீங்க வீட்ல இருந்தா அக்காவைக் கொஞ்சம் குலுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."



பெரியவள் போனை வாங்கினாள். வாய்க்கு நேராக வைத்தாள்.

"எத்தனை நாளாடி இந்தத் திருட்டுத்தனம்?"



"…முதல் நாள்லேருந்துக்கா. முதல் நாளே கருக ஆரம்பிக்கற வாசனை மாடிக்கு வந்துடுச்சு. இறங்கி வந்து சொல்லலாம்னா நீங்க மூஞ்சி குடுக்க மாட்டீங்க. அன்னிக்குப் பார்சலைப் பிரிச்சிருக்கக் கூடாதுக்கா. எல்லாரும் உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு இதையும் ஒரு வாய் பாப்பாங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சாளாம்!"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல குலுக்குங்கக்கா, ஒட்டிக்கும்!"

"சரிம்மா" என்று பெரியவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் இதே வார்த்தையை யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்று பேக்கரிக்காரரிடம் சொல்லிவிட்டு, இழுப்பறையை இழுத்துக் குலுக்கினாள். புகை எப்போதோ போயிருந்தது.

இரண்டாவது ஈடு சிவப்பாக வந்தது. பேக்கரிக்காரர் ஒன்று எடுத்தார், இன்னொன்று எடுத்தார். தட்டையே மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தினமும் இதே மாதிரி வருமா?"

"வரும்."

"எப்படி நம்பறது?"

பெரியவள் தலையை நிமிர்த்தினாள். "எனக்கு மாடியில ஆள் இருக்கு."

"சரி. திங்கட்கிழமை ஜாடி உங்களுது." தட்டில் மிச்சமிருந்ததைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு கல்யாணக் கேக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரம் சின்னவள் வந்தாள். வாசலில் செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நின்றாள். கையில் ஒரு பொட்டலம். அதைப் பின்னால் மறைத்தாள். மறைக்கிற அளவுக்கு அது சின்னதாக இல்லை.

"என்னது அது?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் இல்லக்கா. கிளினிக் பக்கத்துல ஒரு புதுக் கடை. மக்காச்சோளத்தைச் சுட்டு, மேல சீஸ் போட்டு… எனக்கு மட்டும்தான் வாங்கினேன். மேல போய் சாப்பிட்டுக்கறேன்."

"உனக்கு மட்டுமா இவ்வளவு பெருசு? கொண்டா இங்க. என்ன சூட்டுல சுட்டிருக்கான்னு பாப்போம்."

ஒரு வாய் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிளகு போதலை."

சின்னவள் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த தம்பி எட்டிப் பார்த்தார். தூது வேலை போய்விட்டது என்று தெரிந்து, நிம்மதியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜாடிக்கு முதல் ஈடு. கண்ணாடிக்கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து மனைவி மூக்கில் மாட்டிவிட்டார். இந்த முறை அவள் தட்டிவிடவில்லை. பீட்ரூட்டை உள்ளே தள்ளினாள். திரையில் எண் பளிச்சென்று தெரிந்தது. நூற்றறுபது. அங்கேயே விட்டுவிடலாம்.

விடவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி இருநூறு வரைக்கும் ஏற்றினாள். கையைக் கட்டிக்கொண்டு, காதைக் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

குய்ங்.

"சரிம்மா!" என்று மாடிக்குக் கேட்கக் கத்தினாள்.