வாடகை நோயாளி

ஏழாவது படுக்கைக்காரரின் கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே மாணவி மமதாவின் விரல்கள் நின்றுவிட்டன. மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

“சார், இங்கே ஒரு கட்டி. கல்லு மாதிரி இருக்கு.”

டாக்டர் கோதண்டராமனுக்கு எரிச்சல் வந்தது. அந்தப் படுக்கைக்கு வயிற்றுப்புண் என்று நேற்று அவரேதான் தீர்மானித்திருந்தார். அங்கீகாரச் சோதனைக்கு வரும் டில்லி ஆய்வாளருக்குக் காட்ட நோயாளிகள் இல்லாததால், அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரி சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆரோக்கியமானவர்களை அள்ளிவந்திருந்தது. ஆளுக்கொரு வியாதியைப் பங்கிட்டு, எங்கே அழுத்தினால் எப்படி முனகவேண்டும் என்று ஒத்திகை நடத்தியவர் மருத்துவ அறவியல் பேராசிரியரான கோதண்டராமன். வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. மைசூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், அங்கே கொடுத்த தோல்பையோடு திரும்பியதிலிருந்து அறவியல் அவருடைய பாடமாகியிருந்தது. நோயாளியிடம் உண்மையைச் சொல்வதே மருத்துவனின் முதல் கடன் என்று மேஜையைத் தட்டுவார். கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம், அசையாமல் இருந்தது. வயிற்றுக்குள் எதுவோ முற்றி, மேலே வரை வந்துவிட்டது. நேற்றைய ஒத்திகையில் இந்த ராமலிங்கத்தின் முனகலுக்குத்தான் மற்றவர்கள் கைதட்டினார்கள். மாரிக்குப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் வேலைபோய், விவேக் நகரில் வாட்ச்மேனாக இருப்பவர்.

ஆய்வாளர் உற்சாகமானார். “அறவியலை எல்லாரும் காகிதத்தில்தான் காட்டுகிறார்கள், புரொபசர். இதை நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள்? செய்து காட்டுங்கள்.”

பின்னால் நின்ற பிரின்சிபால் தலையை ஆட்டினார். கட்டணச் சலுகையில் அதே கல்லூரியில் படிக்கும் கோதண்டராமனின் மகளுடைய படிப்பும் அந்தத் தலையாட்டலில் சேர்ந்து ஆடியது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பாடத்தில் அதுதான் முதல் படி.

“ராமலிங்கம், இந்தக் கட்டி எப்பலேர்ந்து இருக்கு?”

“அது கெடக்குது சார், ரெண்டு மாசமா.”

“சாப்பாடு எறங்குதா?”

“எங்க சார்.” குரலைத் தாழ்த்தினார். “கரெக்டா சொல்றனா?”

“நான் நெஜமாத்தான் கேக்கறேன்.”

“நானும் நெஜமாட்டம்தான சார் சொல்றேன்.”

கோதண்டராமன் மறுபடியும் கட்டியைத் தொட்டார். “இது கெட்ட வியாதியா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரியில காட்டணும்.”

“இதான் சார் ஆஸ்பத்திரி,” என்று ராமலிங்கம் அவருக்கு நினைவூட்டினார்.

“இங்க இல்ல. வேற நல்ல எடமா…”

பிரின்சிபால் செருமினார். நேற்றுச் சொன்னதெல்லாம் பொய், இது மட்டும் நிஜம் என்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த அறையில் தமிழ் தெரியாதவர் டில்லிக்காரர் ஒருவர்தான்; பிரின்சிபாலுக்கு நன்றாகவே தெரியும்.

“பயப்படாதீங்க சார்,” ராமலிங்கம் கிசுகிசுத்தார். “எதச் சொன்னாலும் மூஞ்சத் தொங்கப்போடுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? இப்பப் பாருங்க.”

முகம் தொங்கியது. கண்கள் நிறைந்தன. டாக்டரின் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேற்றையதை விட நன்றாக முனகினார். ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்தார். இத்தனை வருஷத்தில் இப்படியொரு பாடத்தைப் பார்த்ததில்லை என்று பிரின்சிபாலின் தோளைத் தட்டியபடி அடுத்த வார்டுக்கு நடந்தார். மாணவர்கள் பின்னாலேயே போனார்கள். மமதா மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கோதண்டராமன் கையை இழுத்தார். வரவில்லை. ஆய்வு முடிந்ததென்று சொன்னால் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கீழே வேன் காத்திருந்தது.

ராமலிங்கம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “ஆள் பூட்டாரா சார்?”

வார்டில் காற்றாடியைத் தவிர எதுவும் அசையவில்லை.

“இல்ல,” என்றார் கோதண்டராமன். “இன்னும் இங்கதான் நிக்கிறாரு.”

ராமலிங்கம் பிடியை இறுக்கி, இன்னொரு முறை முனகினார்.