மாமரத்துப் பட்டையில் மஞ்சள்

குடியாத்தத்தில் லுங்கி நூலுக்குச் சாயம் போடும் செங்கல்வராயனுக்குக் கோபம் வந்தால் அவருக்கும் சோறு இறங்காது, வீட்டில் இருப்பவர்களுக்கும் இறங்க விடமாட்டார். இந்தத் தடவை கோபம் பக்கத்து மனை ரஃபி அகமது மேல். ஒரே பெஞ்சில் படித்து, ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறிய சிநேகிதம் அது. போயும் போயும் ஒரு மாமரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

செங்கல்வராயன் வீட்டுச் சுவரோரம் நின்ற அந்த மரத்தின் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் படிந்திருந்தது. ரஃபி போன ஆடியில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டு, தோலுக்குக் கலர் ஸ்பிரே அடிக்க ஆரம்பித்திருந்தார். செங்கல்வராயன் தொழில் வழக்கப்படி வெள்ளைத் துணியை நனைத்து மஞ்சள்மேல் அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மனுஷனுக்கு அது போதாதா? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பார்த்தியா கங்கம்மா? மஞ்சத்தூளா இருந்தா துணியில வந்துடும். இவ்ளோ கெட்டிச் சாயம் தோலுக்கு அடிக்கிறதுதான். அந்தப் பாய் என் மரத்தைக் கொல்றான்!”

கொல்கிற சாயமானாலும் அதன் கெட்டித்தனத்தை மெச்சாமல் இருக்க அவரால் முடியவில்லை. நேரே சுவரோரம் போய், “உன் சாயம் என் மரத்தைத் தின்னுது. இனிமே என் முகத்துல முழிக்காத!” என்று கத்திவிட்டு வந்தார். ரஃபி வாயே திறக்கவில்லை. மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம் என்று இவர் முடிவே கட்டிவிட்டார்.

முடிவு கட்டினாரே தவிர, ரஃபியோடு பேசாமல் பொழுது போனால்தானே! மனைவி கங்கம்மாள் வைத்த குழம்பில் ஒருநாள் உப்பு ஜாஸ்தி, மறுநாள் கம்மி. “போய்ப் பேசிட்டு வாங்களேன்” என்றாள் அவள். ரோஷம் விட வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து மகள் ரோஷினி வந்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். மரத்தடியில் குந்தி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

“நைனா, இங்க வா. இன்னா தெரியுது?”

மஞ்சள், காய்ந்த ஏரிமண் மாதிரி வெடித்திருந்தது. மேலே விளிம்பு கட்டிய குட்டிக் குட்டித் தட்டுகள். ரோஷினி ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை.

“எந்தச் சாயத்துக்குள்ள பச்சை இருக்கும்? இது லைக்கன், நைனா. உசுரு. காளானும் பாசியும் சேர்ந்து குடித்தனம் பண்றது. அம்மா குருமாவுல போடுற கல்பாசிக்குச் சொந்தம். பட்டைமேல சும்மா உக்கார்ந்திருக்கும், மரத்தைத் தின்னாது.”

“அப்போ பாயோட ஸ்பிரே?”

“நகம் வளர்றதைவிட மெதுவா வளரும் இது. இவ்ளோ அகலம் ஆகறதுக்கு வருஷக்கணக்காகும். கொட்டகை போடறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. நீதான் இப்போ கண்ணைத் தொறந்து பார்த்திருக்க.”

கங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். “அடக் கடவுளே, இன்னா பேச்சு பேசிட்டேன்!” என்று செங்கல்வராயன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

கொட்டகையில் ஸ்பிரே மெஷின்மேல் சாக்கு போர்த்தியிருந்தது. கலர் அடிக்காத தோல்கள் ஆளுயரம் அடுக்கிக் கிடந்தன. ரஃபி தனியாக உட்கார்ந்திருந்தார்.

“பாய், இன்னா வேலையே நடக்கல?”

“நீ கத்திட்டுப் போன அன்னிக்கே நிறுத்திட்டேன். மரம் பிழைக்குதா பார்ப்போம்னு.”

“டேய், அது உன் சாயமே இல்லடா! அது ஏதோ பாசி, தானா வளர்றதாம். நான் இல்லன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எனக்கே தெரியாதே, செங்கலு. என்னாலதானோன்னு பயந்துட்டேன். மரம் போச்சுன்னா நீ தாங்க மாட்ட. ஆர்டர் போனா வேற வரும்.”

 செங்கல்வராயன் ரஃபியின் தோளில் முகத்தை வைத்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதார். அழுதுகொண்டே, “மொதல்ல மெஷினைப் போடுடா பாவி” என்று அதட்டினார்.