மூன்றாம் வரிக்கு முன் ஒரு மூச்சு

மாதவி எந்தப் பாட்டு கட்டினாலும் முதலில் எனக்குத்தான் அனுப்புவாள். ஆறு வருஷமாக அப்படித்தான். சித்தூரில் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, வார்த்தை பாதி முனகல் பாதியாகப் போனில் பாடிப் பதிவுசெய்வாள். திருப்பதியில் என் அறையில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு இசைக்குறிகளாகத் தாளில் எழுதுவேன். பிறகு அதைச் சுற்றி இரண்டு வயலினுக்கும் ஒரு செல்லோவுக்கும் எழுதுவேன். சபாக்காரர்கள் இதைக் கச்சேரி இல்லை என்றார்கள். சினிமாக்காரர்கள் பாட்டே இல்லை என்றார்கள். எனக்கு அந்தப் பதிவு வந்தால் போதும்.

பதிவில் கேட்பதையெல்லாம் எழுதிவிடுவேன். தொண்டையைச் செருமினால் அதையும். மூச்சு இழுத்தால் அதற்கொரு சிறு குறி. எங்கள் வீட்டு ஆண்கள் கோயில் கோஷ்டியில் சேர்ந்து பாசுரம் சேவிப்பவர்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் வரியைத் தாங்க வேண்டும். அதனால் மூச்சு எனக்குச் சின்ன விஷயமில்லை.

ஜூனில் வந்த பதிவில், மூன்றாம் வரிக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. நீளமாக, நடுவில் லேசாக உடைந்து. அதற்குப் பிறகு அவள் குரல் வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது. மூன்று வாரம் அந்த ஒரு மூச்சுக்காகவே எழுதினேன். வயலின்கள் நின்றுவிடும். நான்கு விநாடி அந்த மூச்சு மட்டும். பிறகு செல்லோவும் அவளும் ஒன்றாக உள்ளே வருவார்கள். நான் எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான்.

ஒத்திகை சித்தூரில், மாதவி வீட்டு மாடியில். தீனாவும் வந்திருந்தான். குடுபல்லிக்காரன், ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை. இரண்டு மாதமாக மாதவியோடு பாடிப் பழகுகிறான். அன்றும் கம்பெனிச் சட்டையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் வரிக்கு முன்னால் மாதவி சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்தாள்.

“இப்படி இல்ல மாதவி. பதிவுல இருக்கற மாதிரி.”

அவள் என் தாளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “அய்யோ, அது நான் இல்ல வரத். தீனாது. பாடறப்போ பக்கத்துல குந்திகினு இருந்தான்.”

“என் மூச்சையும் எழுதிட்டீங்களா சார்?” என்றான் தீனா. “எங்க சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா இதுக்கும் பஞ்ச் வைக்கச் சொல்லுவான்.” செல்லோ வாசிக்கும் அஷ்வின் விழுந்து விழுந்து சிரித்தான். தீனா என் பக்கம் திரும்பினான். “இல்ல சார், சும்மா கேட்டுக்கினுதான் இருந்தேன். அந்த மூணாவது வரி வர்றப்போ இன்னாவோ ஆயிடுச்சி.”

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். அனுப்பியது எனக்கு. பாடியது அவனுக்கு.

“அடிச்சிடலாம்” என்றேன். அடித்தேன். அந்த நான்கு விநாடியைச் செல்லோவுக்குக் கொடுத்தேன்.

மாதவி மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அந்த வரியின் வாசலில் நின்றுவிட்டாள். “உள்ள போக முடியல. அது இருந்தாத்தான் எனக்கு வருது.”

அந்த மூச்சை நானே இழுத்துப் பார்த்தேன்.

“வேணாண்ணா” என்றான் அஷ்வின், வில்லைக் கீழே வைத்து. “ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு.”

கடைசியில் தாளில் தீனாவுக்கென்று ஒரு வரிசை போட்டேன். அதில் ஒரே ஒரு குறி. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. “நான் உங்க கையப் பாத்துக்கினு இருக்கேன் சார். நீங்க எறக்கினதும் இழுக்கறேன். சரேனா?” என்றான். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவன் மூச்சு என் கைக்குக் கீழேதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, சித்தூரில் ஒரு சின்ன அரங்கு. அறுபது பேர் இருக்கலாம். வயலின்கள் நின்றன. என் கை மேலே இருந்தது. இறக்க வேண்டிய நேரம் வந்தது. நான் இறக்கவில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவர்கள் இருவரும் எனக்காகக் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

தீனா என் கையைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வந்தது. நீளமாக, நடுவில் உடைந்து. மாதவி உள்ளே போனாள். அஷ்வினின் வில்லும் கூடவே இறங்கியது. என் கை மட்டும் மேலேயே நின்றது. அதைக் கீழே கொண்டுவர எந்த இடமும் கிடைக்கவில்லை.

முடிந்ததும் தீனா நேராக என்னிடம் வந்தான். “மன்னிச்சிக்குங்க சார், உங்க கையப் பாக்க மறந்துட்டேன். தப்பாயிடுச்சா?”

“ஆமா” என்றேன். “முந்திட்ட.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மாதவி நிமிராமலே சொன்னாள்: “அவன் முந்தல. நீ எறக்கல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன் வரத்.”

அஷ்வின் செல்லோவுக்கு உறை போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்தான். நாற்காலிகளை யாரோ மடித்து அடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“அடுத்த பாட்டு பாதி ஆயிருக்கு” என்றாள் மாதவி. “இனிமே போன்ல அனுப்பல. வந்து கேட்டுக்க. தீனாவும் இருப்பான்.”

வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.