பரவையோடு முடிகிற ரோடு

பரவை வந்ததும் ரோடு முடிந்துவிடும். நிஜ ரோட்டைச் சொல்லவில்லை. அது பாட்டுக்குத் திண்டுக்கல் வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. மரியராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற ரோட்டைச் சொல்கிறேன். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை எடுத்து, ஆரப்பாளையம் கடந்து, நிறுத்தம் நிறுத்தமாக ஆளை ஏற்றி இறக்கிப் பரவை மார்க்கெட்டைத் தாண்டினால் குறுக்கே ஒரு மஞ்சள் பலகை நிற்கும். ‘பணிகள் நடைபெறுகின்றன.’ அதற்கு அந்தப் பக்கம் ரோடும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் வானம்.

“பணி நடக்குதாம்ல, பணி! மூணு வருசமா எவன்டா பணி செய்றான்? சோறுதேன் திங்கிறீகளா வேற எதுவுமா?”

பலகையைப் பார்த்து அவர் இப்படிக் கத்துவது தினமும் நடப்பதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற அவர் மனைவி விக்டோரியா, பேப்பர் திருத்துவதை நிறுத்தாமலே பதில் சொல்லுவாள்.

“வாங்கும்போதே சொன்னேன்ல? முழுசா முடிக்கட்டும், அப்பறம் வாங்குவோம்னு. அரைகுறையா விக்கிறவன்கிட்ட அரைகுறையாத்தானங்க கெடைக்கும்.”

ஏர்லி ஆக்சஸ் என்று அதற்குப் பேர். ‘டவுன் ரூட்’ என்கிற அந்த பஸ் விளையாட்டைப் பரவையிலேயே ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு செய்கிறார்கள். முடிப்பதற்கு முன்பே விற்றுவிடுவார்கள். வாங்கினவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், அவர்கள் சரிசெய்துகொண்டே மிச்சத்தைக் கட்டுவார்கள். பொறுமை இருக்கிறவன் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.

மரியராஜுக்குப் பொறுக்க முடியாது. பத்தொன்பது வருஷம் அவர் மதுரை–சோழவந்தான் பஸ் ஓட்டினவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து டிப்போவில் விட்டார். மறுநாள் கண் பரிசோதனை முடிவு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம், டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை, டிப்போ கேட்டில் காவலுக்கு உட்காருங்கள் என்றார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ட்ரிப்தான் கடைசி என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. சோழவந்தானில் அன்றைக்கு எங்கே நிறுத்தினார், யார் இறங்கினார்கள், ஒன்றும் ஞாபகமில்லை. டீ குடித்தாரா என்பதுகூட ஞாபகமில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் தீரவில்லை. கடைசி என்று தெரிந்து ஒரே ஒரு தடவை அந்த ரோட்டை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

போன தை மாதம் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், நடுப் பார்வை கடைசி வரை இருக்கும், அதுவும் போக ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ சொல்ல முடியாது. அதிலிருந்து விக்டோரியா ஸ்கூட்டர் சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். “பொடி எழுத்தக்கூட வாசிக்கிறேன், எனக்கா கண்ணு தெரியல?” என்று அவர் வீடு அதிரக் கத்தியும் சாவி வெளியே வரவில்லை.

அந்த சனிக்கிழமை காலையில் விளையாட்டைத் திறந்தபோது புது அறிவிப்பு ஒன்று இருந்தது. பரவைக்கு அடுத்து வருவதாக இருந்த சோழவந்தான் பாதை காலவரையின்றித் தள்ளி வைக்கப்படுகிறது. அவ்வளவுதான், ரெண்டு வரி. மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

மரியராஜுக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. சட்டையை மாட்டினார். “எங்க போறீக?” என்ற விக்டோரியாவுக்கு, “சோழவந்தானுக்கு!” என்று கத்திவிட்டு, வண்டியூரிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் பரவைக்குப் போனார். வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியைத் தயார் செய்துகொண்டே போனார்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வெங்காய மண்டிக்கு மேலே அந்த அறை. மூன்று நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர், ஆனால் ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்து டப்பாவிலிருந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது முப்பத்திரெண்டு வயது இருக்கும்.

“ஏத்தா, இங்க யாரு ஓனரு?”

“நாந்தேன். பேரு நாகஜோதி. என்னண்ணே வேணும்?”

“சோழவந்தான் வேணும்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். “வேல நின்னு போச்சுண்ணே.”

“என்னத்த நின்னு போச்சு? காசு வாங்கிக்கிட்டு பாதி ரோட்டுல எறக்கி விடுறது எந்த ஊரு நியாயம்? நான் அப்படி எறக்கி விட்டுருந்தா சனம் என்னைய அங்கனயே போட்டு மிதிச்சிருக்கும்!”

“பாதிதேன் இருக்குன்னு சொல்லித்தானண்ணே வித்தோம்? முழுசா வேணுங்கிறவக காத்திருந்து வாங்குங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். உங்கள யாரு அவசரப்படச் சொன்னது?”

“என் அவசரம் உனக்கென்னத்தா தெரியும்? நான் எம்புட்டு குறை எழுதிக் குடுத்தேன்! மரியராஜுன்னு பேரு போட்டு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு...”

நாகஜோதி டப்பாவை மூடி வைத்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

“டிரைவர் மரியராஜு. நீங்கதானா அது?”

“நாந்தேன்.”

“நல்லாருங்க! மகராசனா இருங்க! இங்கிட்டு வந்து பாருங்க நீங்க செஞ்ச வேலைய!”

கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை விற்கிற பக்கத்தைத் திறந்தாள். படம், பேர், விலை, அதற்குக் கீழே எல்லாவற்றுக்கும் முதலில் அவர் எழுதியது இருந்தது. நாற்பத்தொரு குறைகள். கடைசி வரி: ‘வண்டி ரூட்டுக்கு லாயக்கில்லை.’ பரிந்துரைக்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை.’ அதைப் படித்து உபயோகமாக இருந்தது என்று ஆயிரத்துச் சொச்சம் பேர் அழுத்தியிருந்தார்கள்.

“குறைய எங்ககிட்டச் சொல்றதுக்குத் தனியா ஒரு எடம் வச்சிருக்கேண்ணே. இது கடை வாசலு. வாங்க வாரவக பூராம் இத வாசிச்சுப்புட்டு அப்படியே திரும்பிப் போறாக. நீங்க இத எழுதுன மாசத்துலருந்து யாவாரம் படுத்துருச்சு. மரம், வீடு, ரோடு எல்லாம் வரைஞ்சது சிவக்குமார்னு ஒருத்தன். சம்பளம் குடுக்க வழியில்லாம அவன அனுப்பிட்டேன். சோழவந்தான் ஏன் வரலன்னு என்னையவா கேக்குறீக?”

மரியராஜ் தான் எழுதினதை மேலிருந்து கீழே மறுபடி படித்தார். டிப்போவில் டியூட்டி முடிந்ததும் டிரைவர் நோட்டில் குறை எழுத வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் ஆடுகிறது என்று எழுதாமல் போனால் மறுநாள் அந்த வண்டியை எடுக்கிறவன் செத்தான். ‘லாயக்கில்லை’ என்று எழுதினால்தான் மெக்கானிக் எழுந்தே வருவான். இங்கேயும் ஒரு கட்டம் இருந்தது, எழுதச் சொல்லிக் கேட்டது, எழுதினார். அந்த நோட்டைப் போல இதையும் வெளி ஆள் யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

தப்பு தன்மேல் என்று தெரிந்தால் சில பேர் தலையைக் குனிவார்கள். மரியராஜுக்குக் கோபம் ரெண்டு மடங்காகும்.

“எடம் மாத்தி எழுதியிருக்கலாம். எழுதுனது பொய்யா? நாப்பத்தொண்ணுல ஒண்ணு பொய்யின்னு சொல்லு பாப்போம்!”

“பதினேழு,” என்றாள் அவள், பட்டென்று. “எடது பக்கம் ஒண்ணுமில்லாத எடத்துலருந்து பைக்கு திடீர்னு முளைக்கிதுன்னு எழுதுனீகள்ல? அதத் தேடி மூணு வாரம் மண்டைய ஒடச்சோம். அப்படி ஒண்ணே கெடையாது. இருபத்திரெண்டு, ஸ்டாப்பு பலகையக் காணோம். இருக்கு! இருபத்தொம்பது, எடது பக்கம் மரமே இல்லாம மொட்டையா கெடக்கு. மரம் நட்டு ரெண்டு வருசம் ஆச்சு!”

“எந்திரி. நான் காட்டுறேன்.”

அவள் நாற்காலியைப் பிடுங்காத குறையாக வாங்கி உட்கார்ந்தார். மேஜையில் மாட்டியிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து, ஆரப்பாளையத்திலிருந்து வண்டியை எடுத்தார். கை தானாக ஓட்டியது. பரவைக்கு முன்னால் ஒரு சிவப்பு பைக், வண்டி மூக்கை உரசுகிற மாதிரி சடாரென்று எதிரில் வந்தது. பிரேக்கை மிதித்தார்.

“பாத்தியா! முளைச்சிருச்சு பாத்தியா! இப்ப என்ன சொல்ற?”

திரும்பிப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, அது அந்த டீக்கடையிலருந்து கெளம்புச்சு. நான் பாத்துக்கிட்டேதேன் இருந்தேன். மெதுவாத்தேன் வந்துச்சு.”

“பொய் சொல்லாத.”

“நேரா ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. எடது பக்கம் என்ன தெரியுது?”

“பொட்டல்.”

“இப்ப தலையத் திருப்புங்க.”

திருப்பினார். மூன்று புளியமரம் நின்றது. மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். மரம் இல்லை. இருட்டும் இல்லை, மங்கலும் இல்லை, பொட்டல் வெளி பளிச்சென்று அப்படியே இருந்தது. போன பார்வை போனதாகவே தெரியாது, மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் விளங்கியது. இனிமேல்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே போயிருக்கிறது. அந்தக் குறையைத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து நம்பர் போட்டு எழுதியிருக்கிறார்.

மேஜையில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். டப்பா துள்ளியது.

“அண்ணே...” என்றாள் நாகஜோதி.

“பாவம் பாக்காதத்தா! பத்திக்கிட்டு வருது. வைய்யி, வாய்க்கு வந்தபடி வைய்யி, வாங்கிக்கிறேன்.”

“மூணு வாரம்ணே,” என்றாள் அவள். குரல் உடைந்தாலும் கோபம் போகவில்லை. “மூணு வாரம் தூங்காம தேடுனோம். உன் வேலை சரியில்லன்னு சிவக்குமார நான் என்னென்னமோ கேட்டுப்புட்டேன். ஒரு ஃபோன் போட்டு, கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“தெரிஞ்சாத்தான சொல்லுவேன்!”

கீழே மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. மரியராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“எழுதுனத அழிச்சிடுறேன்.”

“அழிங்க. போனவன் திரும்பி வரப்போறதில்ல.”

“சோழவந்தான் ரோடு எம்புட்டு போட்டு வச்சிருக்க?”

“ரோடு முழுசும் இருக்கு. ரோடு மட்டுந்தேன். குறுக்க நெடுக்க வண்டிக ஓடும். மரமில்ல, வீடில்ல, வெத்தலக் கொடிக்கால் இல்ல, ஆத்துல தண்ணியில்ல.”

“ஆத்துல என்னைக்குத்தேன் இருந்துச்சு? போடு, ஓட்டுறேன்.”

“வேணாம்ணே. கேவலமா இருக்கும், யாருக்கும் காட்டுனதில்ல. ஒரு ஆறு மாசம் பொறுங்க. ஒத்தையாவே உக்காந்து முடிச்சுக் குடுத்துடுறேன்.”

“நீ முடிச்சிருவ, தாயி. அத யாரு பாக்குறது? இப்பவே போடு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஏதோ தட்டினாள். மஞ்சள் பலகை காணாமல் போனது. பரவைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத் தரையில் ரோடு நீண்டு கிடந்தது. மொட்டையிலும் மொட்டை. நாகஜோதி நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

“எடதுல சைக்கிளு.”

“எம்புட்டு தூரம்? தூரத்தச் சொல்லு!”

“அந்தா, ஒரு... கிட்ட வந்துருச்சு!”

“கிட்ட வந்தப்பறமா சொல்லுவ? முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“எனக்கென்ன பஸ்ஸு ஓட்டியா பழக்கம்? கத்தாம ஓட்டுங்க! லாரி, எடதுல, நிக்கிது!”

சமயநல்லூர் என்று பேர் எழுதின ஒரு சீட்டுதான் நிறுத்தமாக நின்றது. தேனூர் என்று இன்னொரு சீட்டு. ரெண்டிலும் நிறுத்தினார், கதவைத் திறந்தார், மூடினார், எடுத்தார். ஏற ஆளில்லை என்று அவள் சொன்னதற்கு, “நிறுத்தம்னா நிறுத்தணும்” என்று எரிந்து விழுந்தார். வழி நெடுக ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே போனார்கள்.

சோழவந்தான் ஒரு சிமெண்டுத் திட்டு. மேலே பேர் எழுதின பலகை, எழுத்துகூட நேராக இல்லை. மரியராஜ் வண்டியைத் திட்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். கதவைத் திறந்தார். இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. ரெண்டு நிமிஷம் ஆனது.

“எறங்க யாரும் இல்லண்ணே,” என்றாள் நாகஜோதி. “ரைட் குடுக்கவா? மதுரைக்குத் திருப்புங்க.”

“ஏய், செத்த இருத்தா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே மண்டி ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “நான் எறங்க வேணாமா?”