பின் சீட்டுப் பேச்சு

சீர் சாமானை எடுத்துப் போக மாமனார் பாரவண்டியோடு வந்து நின்றபோது, என் பெண்டாட்டி உலகம்மாள் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை பெறாமல் ஒருத்தி போய்விட்டால் அவள் கொண்டுவந்ததெல்லாம் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் ஆட்களில் அதுதான் முறை. முறை என்று ஒன்றை வைத்துவிட்டால் அதற்கு அப்புறம் மனுஷனுக்கு வாய் எதற்கு?

குத்துவிளக்கு, வெண்கலப் பானை, பித்தளை அண்டா, தேக்குக் கட்டில், அவள் சேலைகள் இருந்த டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே போயின. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்டா போனபோது அவள் கண் கலங்கியது. மருமகள் பாடை போனபோது அந்தக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

"ஏலே பால்வண்ணம், இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. சொக்கம்மாளைக் கெட்டிக்கிடுதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. உங்க மாமா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாவ" என்றாள்.

சொக்கம்மாள் உலகம்மாளின் தங்கை. என் கல்யாணத்தன்று பாவாடையில் சோற்றைக் கொட்டிக்கொண்டு அழுத பிள்ளை.

"அண்டா போகக்கூடாதுன்னு நான் கல்யாணம் முடிக்கணுமா?" என்றேன்.

"பேசுத பேச்சைப் பாரு. வீட்டுக்கு ஒரு பொம்பளை வேண்டாமா?"

"விடுங்க, அவுகளுக்கு மனசில்லை" என்றார் மாமனார். தில்லைநாயகம் என்றால் பாவூர்சத்திரம் பக்கம் தெரியாதவர் இல்லை. நிலபுலன்காரர், வாயை எண்ணித் திறப்பவர். சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்குச் சவுகரியமாக இருந்திருக்கும். அவரோ துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் கொண்டு போங்க மாமா. மோட்டார் சைக்கிளை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றேன்.

அவர் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். சாக்குப் போட்டு மூடி அங்கேதான் அதை நிறுத்தியிருந்தேன். அவள் போன நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. அண்ணன் மகன் சாக்கைத் தூக்கிப் பார்த்தான் என்று அவன் காதைத் திருகி, அதற்காக அண்ணனோடு ஒரு பாட்டம் சண்டையும் போட்டாயிற்று.

"அது எப்படி மாப்பிள்ளை? மத்ததெல்லாம் ஓட்டை உடைசல். அது ஒண்ணுதான் பேர் சொல்லும்படியா இருக்கு. சொக்கம்மாளுக்குத் திருவேங்கடத்தில ஒரு இடம் தகைஞ்சு வருது. பையன் வண்டி கேக்கான். இன்னொண்ணு வாங்க எனக்கு ஏது தெம்பு? நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஐம்பத்தாறில் என் கல்யாணத்துக்கு நானும் இதே மாதிரி கேட்டவன்தான். புல்லட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது பார்ப்பதற்கு அப்படி ஒரு கூட்டம். கறுப்பு நிறத்தில் யானைக்குட்டி மாதிரி இருந்தது. ஆனால் இப்போது நான் அதைக் கேட்டது அந்தப் பெருமைக்காக இல்லை. அந்த எளவு பெருமையெல்லாம் ஆறு மாதத்திலேயே போய்விட்டது.

எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அம்மா, இரண்டு அண்ணன்மார், இரண்டு மதினிமார், அவர்கள் பெற்றுப் போட்டது ஒரு பட்டாளம். பகலில் நானும் உலகம்மாளும் நாலு வார்த்தை பேசிவிட்டால் மதினிமார் அதைச் சாயங்காலம் வரைக்கும் அரைப்பார்கள். இரவில் எங்கள் அறைக்கும் அம்மா படுக்கிற கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் திரும்பிப் படுத்தால் அம்மா இருமுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம் வரை என் பெண்டாட்டி என்னிடம் பேசியது 'ம்', 'சரி', 'சோறு வைக்கட்டா', இவ்வளவுதான். ஊமையைக் கட்டி வைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

பிள்ளை உண்டாகவில்லை என்றதும் அம்மாவே ஒரு வழி சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் குற்றாலம் போய், அருவியில் தலை முழுகி, குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட்டு வர வேண்டும். என்னோடு மோட்டார் சைக்கிளில் போகலாம். பேரப்பிள்ளை என்றால் எந்தச் சட்டமும் வளையும் போலிருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் முதுகுக்குப் பின்னால் போகிற வரை பேச்சுமூச்சில்லை. ரோடு வெறிச்சென்று ஆனதும் வண்டியை ஒரு விடு விட்டேன். காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கிளம்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய மதினி காப்பித்தூளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள் என்றது அந்தக் குரல். எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி இவளை மேலே படிக்கச் சொன்னாளாம். ஐந்தருவிக் குரங்கு ஒன்று இவள் சித்தியின் சவுரியைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியதாம். என் அம்மா குறட்டை விடுவதைக்கூட அப்படியே செய்து காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளினேன். வேகம் கூடினால் அவள் பேச்சும் கூடும். நான் முறுக்குவேன், அவள் கொட்டுவாள். சாரலில் நனைந்து கூதலில் பல் கிட்டிக்கொண்டு வரும்போதுகூட வாய் ஓயாது. அவள் முகத்தைவிட எனக்கு அவள் குரல்தான் பழக்கம். வீட்டு வாசலில் இறங்கினால் மறுபடியும் ஊமை. மூன்று வருஷத்தில் நான் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்த ரோட்டில்தான். போன ஐப்பசியில் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. என்ன செய்யுது என்று கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்றாள். ஒண்ணுமில்லை என்று சொல்லிக்கொண்டேதான் செத்தாள்.

இதையெல்லாம் மாமனாரிடம் எப்படிச் சொல்வது? கட்டில் உங்களுடையது, பின் சீட்டு என்னுடையது என்றா?

வண்டிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் பாரவண்டியில் சாய்த்தார்கள். பெட்ரோல் ஒழுகி அவள் மெத்தையில் இறங்கியது. அந்த வாடைக்கு மாடு மிரண்டு பின்வாங்க, ஹேண்டில்பார் கட்டிலில் இடித்தது.

"இறக்குங்கவே கீழ. தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன். நானே ஓட்டிட்டு வாறேன்" என்று கத்தினேன்.

எனக்குள் ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது. கிழக்கே பாவூர்சத்திரம் போக வேண்டிய வண்டியை மேற்கே திருப்பி, செங்கோட்டை தாண்டி, மலையேறி, அந்தப் பக்கம் இறங்கிவிடுவது. முறையும் மண்ணாங்கட்டியும் தேடிக்கொண்டு வரட்டும். மாமனார் எமகாதகர். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டார். துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார், வேட்டியை மடித்துச் சொருகினார்.

"நானும் உங்க கூடவே வாறேன் மாப்பிள்ளை" என்றார்.

எத்தனையோ உதை உதைத்த பிறகு இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. அவள் உட்கார்ந்த இடத்தில் அவர் ஏறி உட்கார்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருநெல்வேலி ரோட்டில் ஏறியதும் அந்த எரிச்சலையெல்லாம் கையில் காட்டினேன். விழுந்து தொலைந்தால் இரண்டு பேருமாக விழுவோம் என்றுதான் ஓட்டினேன்.

அப்போது அவர் பேச ஆரம்பித்தார். எண்ணிப் பேசுகிற மனுஷன், காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசினார். மிளகாய் வத்தல் விலை ஏறவே மாட்டேன் என்கிறது, கீழப்பத்து வயலில் நடவுக்கு ஆள் வரவில்லை, தம்பி மகன் போலீஸ் வேலைக்குப் போகிறான், நெஞ்சளவு காணாதாம், அதற்காக வாழைப்பழமாகத் தின்கிறான். நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். குளத்தில் மடை உடைந்தது, கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரன் கோவித்துக்கொண்டு போனது, என்னவெல்லாமோ வந்தது. என்னையறியாமல் எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். பாவூர்சத்திரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன்.

வண்டி நின்றதும் பேச்சும் நின்றது. அவர் இறங்கித் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதிய மாப்பிள்ளை. எனக்கு உயிரே இல்லை. பேச்சை நிறுத்தினா நெஞ்சடைச்சுச் செத்துருவேன் போல இருந்துச்சு. அதான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டே வந்தேன். உலகு சொன்னது சரிதான்" என்றார்.

"என்ன சொன்னா?"

"அவளும் இப்படித்தானாம். வண்டின்னா அவளுக்குக் குலைநடுக்கம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவ அம்மைகிட்டச் சொல்லி அழுவா. வெள்ளிக்கிழமை வந்தா வயித்தைக் கலக்குதும்மா, கண்ணை மூடிக்கிட்டு என்னத்தையாவது பேசிக்கிட்டே போயிருவேன்னு சொல்லுவா."

"பொய் சொல்லுதிய" என்றேன்.

"செத்துப்போன பிள்ளை பேர்ல பொய் சொல்லுவனா?"

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லித் தொலையேன்ட்டின்னு சத்தம்கூடப் போட்டேன். 'நான் பேசுதது அவுகளுக்கு அம்புட்டு இஷ்டம்பா, அதைப் போய்க் கெடுக்கவா'ன்னுட்டா." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வெசனப்படாதிய. வண்டி போனாப் போகுது. அவளுக்கே ஆகாத சாமான்தானே."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். செங்கோட்டைக்குப் போகிற ரயில் வந்தது, போனது. கேட் திறந்து, பின்னால் நின்ற காய்கறி வண்டிக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் நான் கிளம்பினேன். மிச்ச தூரத்தை மாடு நடக்கிற வேகத்தில் போனேன். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டு வாசலில் மாமியார் வண்டியைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் சொக்கம்மாளின் முகம் பாதி தெரிந்தது. மாமனார் இறங்கி அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, இது இங்க வேண்டாம். ஒருத்தி பயந்து செத்தது போதும். திருவேங்கடத்துக்காரன் வேற என்னத்தையும் கேக்கட்டும், இல்லை வேற இடம் பாத்துக்கிடட்டும். இன்னைக்கு ஏறின பொறவுதானே எனக்கே தெரியுது. நீங்க பிரியப்பட்டுக் கேட்டிய, நீங்களே கொண்டு போங்க" என்றார்.

எனக்கும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையிலிருந்து அதற்காகத்தானே மல்லுக்கு நின்றேன்? எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? மாமியார் கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் வெளியே வந்தேன். அந்தச் சவத்து வண்டி, அப்போது பார்த்து முதல் உதையிலேயே கிளம்பியது.

திரும்பி வரும்போது சைக்கிள்காரர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். வாழைத்தார் ஏற்றி வந்த ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவள்மேல். ஏட்டி, மதினியின் காப்பித்தூளைச் சொன்னாய், குரங்கு பிடுங்கின சவுரியைச் சொன்னாய், மூன்று வருஷம் என் காதில் கொட்டினாயே, 'மெள்ளப் போங்க' என்று ஒரு சொல் உனக்கு அகப்படவில்லையா என்று வாய்விட்டே கேட்டேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோட்டிக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

சொல்லியிருந்தால் மெதுவாகத்தான் போயிருப்பேன். அவளும் பயமில்லாமல், வீட்டில் இருந்த மாதிரியே, வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்திருப்பாள்.