நீல மாத்திரைக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

இணையத்தின் மறைவுச் சந்தைகளில் போதைமருந்து வாங்க எங்கள் ஆய்வகத்தில் அனுமதி உள்ள ஒரே ஆள் நான்தான். வேலையே அதுதான். வாடிக்கையாளர் மாதிரி நடித்து வாங்குவேன், தபாலில் வரும், இயந்திரத்தில் ஏற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவேன். வாங்கலாம், அந்தச் சந்தையில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. மீறினால் வேலை போய்விடும்.

அன்றைக்கு வந்தவை நீல மாத்திரைகள். தூக்க மாத்திரை என்று விற்கிறார்கள். கடைப் பக்கம் முழுக்க ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள். இயந்திரம் வரைந்த கோட்டிலோ, தூக்க மருந்து தெரிய வேண்டிய இடம் மொட்டையாகக் கிடந்தது. வேறோர் இடத்தில் ஒரு முனை எகிறி நின்றது. நைட்டசீன், ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான செயற்கைப் போதைமருந்து. ஒரு துளி போதும், மூச்சை நிறுத்திவிடும்.

கை கழுவுவதற்குள் அக்கா போனில் கூப்பிட்டாள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

"ஏய், நீல மாத்திரை ஏதாவது உன் மேசைக்கு வந்துச்சா? ரெண்டு காலேஜ் பசங்க மூச்சுக்கு அல்லாடுறாங்கடி. பரீட்சை பயத்துல தூக்கம் வரலைன்னு ஆளுக்கு ஒண்ணு போட்டானுங்களாம்."

"அக்கா, அது தூக்க மாத்திரையே இல்ல, நைட்டசீன். முறிவு மருந்து குடுத்து எழுந்தாலும் மறுபடி மயங்கிடுவாங்க. பக்கத்துலயே இரு."

"ஊருக்கு எப்போ சொல்லப் போறீங்க?"

"இன்னைக்கே!" என்றேன். வேலைக்குப் புதுசு இல்லையா, அப்படித்தான் வாயில் வரும்.

ஆய்வக இயக்குநர் என் எச்சரிக்கையைப் படித்து முகம் சுளித்தார்.

"அபாயம்னு போட்டா மக்கள் பயந்துருவாங்கம்மா."

"பயப்படத்தானே சார் போடுறோம்?"

"'கவனிக்கத்தக்கது'ன்னு மாத்து. அப்புறம், நீலம்னு ஏன் போட்ட? நம்ம துறை சின்னமும் நீலம்."

"மாத்திரை நீலம் சார்."

"வெளிர் நிறம்னு போடு. எச்சரிக்கைக் கமிட்டித் தலைவர் வந்து கையெழுத்துப் போட்டதும் வெளியிடலாம்."

"அவர் எங்க சார்?"

"வெளிநாட்டுக் கருத்தரங்குல. எச்சரிக்கைகளை வேகமா வெளியிடறது எப்படின்னு பேசப் போயிருக்கார்."

மறுநாள் அக்கா மறுபடி கூப்பிட்டாள். "மூணாவது ஆளு. சின்னப் பொண்ணு. உங்க கமிட்டியில யாருக்காவது பிள்ளைங்க இருக்கா, இல்லையா?"

போனை வைத்துவிட்டு அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்தேன். கடைக்காரன் பணிவாகக் காத்திருந்தான்: 'பொருள் எப்படி இருந்தது? தயவுசெய்து மதிப்பிடுங்கள்.'

மதிப்பிட்டேன்.

'நீல மாத்திரை வாங்கிச் சோதித்தேன். தூக்க மருந்து துளிகூட இல்லை. நைட்டசீன். ஒன்றே ஆளைக் கொல்லும். போடாதீர்கள். யாராவது போட்டிருந்தால் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.'

ஒரு நட்சத்திரம். பூஜ்யம் கொடுக்க வசதி இல்லை.

தேநீர் ஆறுவதற்குள் கீழே ஒருவன் எழுதினான்: 'நல்லவேளை மச்சான், எல்லாத்தையும் டாய்லெட்ல கொட்டிட்டேன்.' வரிசையாக இன்னும் சிலர். அப்புறம் கடைக்காரனே வந்தான்: 'அன்பு வாடிக்கையாளரே, சிரமத்துக்கு வருந்துகிறோம். சரக்கை நிறுத்திவிட்டோம். அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடி உண்டு.' கொலைகாரன்தான். ஆனால் அவனுக்குக் கமிட்டி இல்லை.

அதற்கப்புறம் அக்காவின் வார்டுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. பையன்கள் தேறினார்கள். அந்தப் பெண்ணும் கண் விழித்தாள். "முதல்ல கேட்டது என்னன்னு நெனைக்கிற? சார்ஜர்!" என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் என் மதிப்புரையின் அச்சுப்படி.

"போலீஸ் அனுப்பியிருக்காங்க. யாரோ ஒரு போதைக்காரன் எழுதினது. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கான் பாரு! நீயும் இத்தனை படிச்சிருக்க."

"ஆமா சார்."

"நம்ம எச்சரிக்கையை இதே மாதிரி திருத்தி எழுது. நீலம்னே போட்டுக்கோ, அவனே போட்டுட்டானே."

தப்பித்தேன் என்று கதவைத் தொட்டேன்.

"ஏம்மா, அந்த ஒத்தை நட்சத்திரத்தை மட்டும் எடுத்துடு. துறைக்கு நல்லா இருக்காது."